பழைய செடான் கார்: வேலூர் வட்டாரத்தில் வாங்கி, பழுது பார்த்து, மனமில்லாமல் விற்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் பழைய செடான் காரில் வாங்கும் விலைதான் சிறிய செலவு. முதல் ஓரிரு ஆண்டுகளின் பழுதுபார்ப்பு, காப்பீடு, பதிவுப் புதுப்பிப்பு எல்லாம் சேர்ந்து அந்த விலையை எட்டிப் பிடிப்பது சாதாரணம். ஆகவே கார் பார்க்கப் போகும் நாளிலேயே ஒரு நோட்டுப் போட்டு, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த பணம் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதத் தொடங்குங்கள். எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது, எப்போது விற்பது, என்ன விலை சொல்வது என்ற கேள்விகளுக்கு அந்த நோட்டில்தான் பதில் கிடைக்கும். மெக்கானிக்கின் ஞாபகத்திலும் நம்முடைய ஆசையிலும் கிடைக்காது.

முதல் படி: எந்தக் காரைத் தேடுவது

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளில் இந்த விலைக்கு வரும் செடான்களில் மாருதி எஸ்டீம், ஹூண்டாய் ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான் ஆகிய மூன்றையும் அடிக்கடி பார்க்கலாம். எஸ்டீம் 1994 முதல் 2007 வரை விற்பனையில் இருந்தது. அதன் 1298 சிசி எஞ்சினின் குடும்பமே ஜிப்சியிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் இருந்ததால், எஞ்சின் சாமான்களுக்கு இன்றும் பெரிய தட்டுப்பாடு இல்லை. ஆனால் கதவு, பம்பர், விளக்கு போன்ற பாடிச் சாமான்களுக்கு அலைய வேண்டும். 1999 இல் வந்த ஆக்சென்ட், நம் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 2013 வரை தயாரானது. மாவட்டத்தில் எந்த மெக்கானிக்கும் அதன் பானெட்டைத் திறக்கத் தயங்க மாட்டார். மறைமலைநகரில் தயாரான ஐகான் ஓட்டுவதற்கு இந்த மூன்றிலும் இனிமையானது என்பது என் கருத்து, ஆனால் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 இல் அறிவித்துவிட்ட பிறகு, முதல் கார் வாங்குபவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சின் கொள்ளளவையும் கவனியுங்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1500 சிசியைத் தாண்டினால் 7,897 ரூபாய். 1495 சிசி ஆக்சென்ட் மயிரிழையில் கீழ்ப்பிரிவில் நிற்க, 1.6 லிட்டர் ஐகான் மேல்பிரிவுக்குப் போய்விடுகிறது. எண்பதாயிரம் ரூபாய்க் காருக்கு ஆண்டுதோறும் வரும் இந்த வித்தியாசம் சிறியதல்ல. பழைய டீசல் செடான்களை, இன்ஜெக்டர் வேலை தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தாலன்றி, தவிர்த்துவிடலாம்.

இரண்டாம் படி: காருக்கு முன் காகிதம்

கார் எவ்வளவு பளபளத்தாலும், மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். பதிவு எந்தத் தேதி வரை செல்லும், காப்பீடு உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் குறிப்பு இன்னும் நீக்கப்படாமல் நிற்கிறதா, கட்டாத இ-சலான் உண்டா என்பவை அங்கேயே தெரிந்துவிடும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வாகனத்தைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊரில் இதையே "எஃப்சி காட்டுவது" என்பார்கள். "எஃப்சி மட்டும் பாக்கி, மற்றபடி வண்டி தங்கம்" என்று விற்பவர் சொன்னால், அந்த "மட்டும்" என்ற சொல்லின் விலையைக் கணக்கிட்டுவிட்டுத்தான் பேரத்தில் இறங்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி, தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம், அதோடு ஆய்வாளர் முன் நிறுத்தத் தகுந்த நிலைக்குக் காரைக் கொண்டுவரும் டிங்கரிங், விளக்கு, டயர் செலவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும்.

சித்தூர் பக்கத்திலேயே இருப்பதாலும் பெங்களூரு சில மணி நேரப் பயணம் என்பதாலும், ஆந்திர, கர்நாடக எண் கொண்ட கார்கள் இங்கே மலிவாகக் கண்ணில் படும். அவற்றுக்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி எண் மாற்ற வேண்டும். தில்லி எண் கார்கள் இன்னும் மலிவாக வருவதற்குக் காரணம், தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. இந்த வேலைகளையெல்லாம் செய்து முடிக்கும்போது மலிவு மறைந்துவிடும் என்பதால், வேலூரின் டிஎன் 23 அல்லது இராணிப்பேட்டையின் டிஎன் 73 எண்ணோடு இரண்டு பேர் கைக்கு மேல் மாறாத வண்டியே நமக்குப் போதும்.

மூன்றாம் படி: நேரில் பார்ப்பது

காலையில் போங்கள், "எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தொல்லை இருந்து அதை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். மோர் நுரை போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறந்து பாருங்கள்: பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் தெரிந்தால் நல்லது, செம்மண் கரைத்தது போன்ற நீர் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், மூடியின் கழுத்தில் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் இன்னும் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பார்ப்பது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு வெளிமாவட்டங்களுக்கு வந்தன. இருக்கைத் துணியைத் துவைக்கலாம், தரைவிரிப்பை மாற்றலாம். ஆனால் சீட் பெல்ட்டின் அடிநுனி வரை கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. பெல்ட்டை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் கடைசிப் பகுதியில் மண்ணிறக் கோடோ விரலில் ஒட்டும் நுண்மணலோ இருந்தால், வந்த வழியே திரும்பிவிடலாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைத் தட்டிப் பாருங்கள். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். கதவு ரப்பரை ஓரிடத்தில் உரித்துப் பார்த்தால், ஆலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகத் தெரியும்; அந்த வட்டங்கள் இல்லாமல் வழவழவென்று பட்டி பூசியிருந்தால் கார் அடிபட்டிருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பதை நடுப்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ஓட, ஆற்காடு சாலை நெரிசலில் சிஎம்சி மருத்துவமனை அருகே ஊர்ந்து செல்வதே வேலூரில் கிடைக்கும் மிகக் கடுமையான கூலிங் சோதனை. வெப்பமானியின் முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்று, ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால் நிம்மதி. அங்கிருந்து பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் ஏறி, 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா, மெல்லப் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: முதல் மாத வேலைகள், முன்னுரிமை வரிசையில்

வாங்கியவுடன் சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் மாற்றும் ஆவல் வரும். அதை அடக்கி, நிற்க வைப்பது, குளிர வைப்பது, ஓட வைப்பது என்ற வரிசையில் பணத்தைப் போடுங்கள்.

பிரேக் பேட், பின்சக்கர ஷூ, பிரேக் ஆயில் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கொதித்துவிட்டால், மிதி பஞ்சு போல உள்ளே போய்விடும். நல்ல பிரேக் இருந்தாலும் அங்கே இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பூ எவ்வளவு இருந்தாலும், பக்கச்சுவரில் மயிர் வெடிப்பு விட்ட டயரை நம்பி மே மாதத்தில் நெடுஞ்சாலை ஏறக்கூடாது.

இனி கூலிங். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தில் பழைய கார்களைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, வெப்பம்தான். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அதோடு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளில் உப்பும் மிகுந்தது. அந்தப் போர்வெல் நீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால், வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படிவதைப் போலவே எஞ்சினின் நீர்வழிகளிலும் சுண்ணாம்பு படிந்து, உலோகத்தின் சூடு நீருக்கு இறங்காமல் தடுக்கும். ஆகவே பழைய நீரை முழுவதுமாக வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றுங்கள்; உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து நீரின் கொதிநிலையை உயர்த்துவது அந்தச் சில நூறு ரூபாய் மூடிதான். மேல், கீழ் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள்; மொறுமொறுப்பதும் உப்பியிருப்பதும் மாற்ற வேண்டியவை. ஃபேன் மோட்டார், அதன் ரிலே, வெப்ப சென்சார் மூன்றும் ஒழுங்காக வேலை செய்வதை மெக்கானிக் முன்னிலையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு சார், கழற்றிப் போட்டுவிடலாம்" என்று அனுபவசாலிகளே சொல்வார்கள், கேட்காதீர்கள். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் உரிய சூட்டை எட்டாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை அதிகமாக விடும், மைலேஜ் விழும், ஆயில் சீக்கிரம் கெடும். பழையது மாட்டிக்கொண்டால் புதியது போடுவதே முறை.

இவ்வளவுக்குப் பிறகும் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். மூடியைத் திறக்கவோ எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவோ கூடாது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் அதைக் கழற்றி லேத்தில் மட்டம் பார்த்து, புதிய ஹெட் பேக்கிங் போட்டு, மறுபடி பூட்ட வேண்டும். அந்தச் செலவில் காரின் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

ஆக்சென்ட் போன்ற கார்களில் இதே அளவு அபாயம், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டிலும் இருக்கிறது. அந்த 12 வால்வ் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளை இடித்து வளைத்துவிடும். எந்த முன்னறிவிப்பும் இராது. ஓடிக்கொண்டிருக்கும் கார் அப்படியே நிற்கும். "போன வருடம்தான் மாற்றினோம்" என்று விற்றவர் சொன்னாலும், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். ரப்பருக்குக் கிலோமீட்டர்க் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. பெல்ட்டோடு, அதை இறுக்கமாகப் பிடித்து வைக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். அதே இடத்தைப் பிரித்திருக்கும்போது கசியும் ஆயில் சீலையும் மாற்றினால் கூலி மிச்சம். முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டுங்கள்.

எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக் ஆகியவை வழக்கமான சர்வீஸ். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரிபொருளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து இந்தக் கார்கள் செய்யப்படவில்லை. பெட்ரோல் ஹோஸ்களைப் பரிசோதித்து, பழையவற்றை மாற்றுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஐந்தாம் படி: மெக்கானிக்கோடு பழகும் முறை

பழைய காருக்குக் கம்பெனி சர்வீஸை விட, அந்த மாடலைப் பலமுறை பிரித்துப் பூட்டிய தனி மெக்கானிக்கே பொருத்தம். அவரிடம் "எல்லாம் பார்த்துவிடுங்கள் அண்ணா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக்குக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "முன் இடது பக்கம், மேடுபள்ளத்தில் மட்டும், டக்கென்று ஒரு சத்தம்" என்று குறிப்பாகச் சொன்னால், லோயர் ஆர்ம் புஷ்ஷா ஸ்டெபிலைசர் லிங்க்கா என்று அவர் நேராகப் போவார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட், பேரிங், பிரேக் பேட், சென்சார் ஆகியவற்றில் லோக்கல் சாமான் வேண்டாம். கண்ணாடி, கைப்பிடி, விளக்குக் கூடு போன்றவற்றுக்கு லோக்கலோ பழைய சாமானோ போதும். ஒரே வருகையில் மூன்று பாகங்களை மாற்றினால் எந்தப் பாகம் பழுதைத் தீர்த்தது என்று நோட்டில் எழுத முடியாது என்பதால், அவசரமில்லாத பழுதுகளை ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் கடைசியில்தான். இந்த வெயிலில் கூரையும் பானெட்டும் வெளுப்பது இயல்பு. துரு ஏறாத வரை வெளுத்த காரும் ஓடும்.

ஆறாம் படி: விற்கும் நேரத்தை அறிவது

இங்கேதான் மனம் குறுக்கே வரும். பழைய காரோடு பழகியவர்களுக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும். திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் பிள்ளைகளோடு போய் வந்த கார் என்ற பேச்சு வீட்டில் எழும். அம்மாவே விற்க வேண்டாம் என்பார். அந்தப் பேச்சுக்கு நடுவே நோட்டைப் பிரித்து, கடந்த 12 மாதச் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஆயில், பேட், டயர் போன்ற தேய்மானச் செலவைத் தள்ளிவிட்டு, பழுதுக்கு மட்டும் ஆன தொகை காரின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டியிருந்தால் விற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். தொகை குறைவாக இருந்தும், கார் வழியில் நிற்குமோ என்ற பயத்தால் வெளியூர்ப் பயணத்துக்கு வாடகைக் கார் பிடிக்கத் தொடங்கிவிட்டீர்களென்றால் அதுவும் போதுமான காரணம். நானும் என் காரைக் கொடுத்தது இந்த இரண்டாவது காரணத்தால்தான். கணக்குப்படி அதை இன்னும் வைத்திருக்கலாம், இப்போதும் அதே மாடல் எதிரே வந்தால் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பதிவுப் புதுப்பிப்புத் தேதி மற்றொரு எல்லைக்கோடு. 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தத் தேதிக்கு ஓர் ஆண்டாவது மீதமிருக்கும்போது விற்றால் நல்ல விலை கிடைக்கும். துருவும் ஹெட் பழுதும் சேர்ந்துவிட்ட காரை யார் தலையிலும் கட்டாமல், பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். காயலான் கடையில் கொடுத்தால் பணம் உடனே வரும், ஆனால் பதிவு உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஏழாம் படி: விற்பது

விற்பதற்காகப் பெரிய வேலை எதுவும் செய்ய வேண்டாம். போட்ட பணம் திரும்பாது. உள்ளே வெளியே கழுவி, எரியாத பல்பை மாற்றி, புகைச் சான்று எடுங்கள். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு முந்தைய காருக்கு அது 6 மாதம்தான் செல்லும். குறைகளை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். "பின் இடது பவர் விண்டோ வேலை செய்யாது, கூரையில் பெயின்ட் வெளுத்துள்ளது, டைமிங் பெல்ட் மாற்றிய பில் உண்டு" என்ற மூன்று வரியைப் படித்துவிட்டு வருபவர், வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். "கடைசி விலை சொல்லுங்கண்ணா" என்று காரைப் பார்க்காமலே போனில் கேட்பவருக்கு, "வந்து பாருங்க தம்பி, நோட்டைக் காட்டுறேன், அப்புறம் பேசலாம்" என்பதே என் பதிலாக இருந்தது. ஆணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் காரைவிட அதிக நேரம் நோட்டைத்தான் பார்த்தார். பேரமும் அவர்தான் குறைவாகப் பேசினார்.

பணம் கைமாறுவதோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை. பெயர் மாறும்போதுதான் முடிகிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை வெற்றுத்தாளாகக் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே கூடாது. வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் அது பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். படிவம் 30 கொடுத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கடன் வாங்கி வாங்கிய காராக இருந்தால், படிவம் 35 கொடுத்து வங்கிக் குறிப்பை முன்னதாகவே நீக்கிவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது தேதியோடு மணியையும் எழுதிய ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அன்று மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் கார் செய்யும் எதற்கும் உங்களுக்குத் தொடர்பில்லை என்று காட்ட அந்த மணிக் குறிப்பு உதவும். ஃபாஸ்டேக்கை உரித்துவிட்டு, கணக்கையும் மூடுங்கள். இல்லையேல் வாலாஜா சுங்கச்சாவடியில் அவர் கடக்கும்போதெல்லாம் உங்கள் கைப்பேசிதான் ஒலிக்கும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும்; ஆனால் உரிமை கோராத ஆண்டுகளுக்கான போனஸ் உங்களுடையது, காரோடு போகாது. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்குக் கடிதம் பெற்று, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

விலையில் ஒரு சிறு தொகையை, பெயர் மாறிய பின் பெற்றுக்கொள்வதாகப் பேசி நிறுத்தி வைப்பது நல்லது. அப்போது பெயர் மாற்றும் வேலையை விரைவாக முடிக்கும் அக்கறை வாங்குபவருக்கும் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே வந்தால், படிவம் 29, ஒப்படைப்புச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.